சாலையோரத் துளசி... வாசனை இருந்தா போதுமா? மூலிகை எண்ணெயை மாசு எப்படி மாற்றுகிறது?

சளி பிடித்தால் நாலு துளசி இலை, மூக்கடைத்தால் நீலகிரித் தைலம். நம்ம வீடுகளில் இது காலங்காலமான வழக்கம். 2020-ல் கொரோனா வந்த பிறகு கபசுரக் குடிநீரும் மூலிகைப் பொடிகளும் இன்னும் அதிகமாக வீட்டுக்குள் வந்தன. ஆனால் அந்தச் செடி எங்கே வளர்ந்தது என்று யாராவது கேட்கிறோமா?

வாசனை எங்கிருந்து வருது?

துளசி, புதினா இலைகளின் மேல் மிகச் சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய் அவற்றில்தான் சேர்கிறது. துளசியில் யூஜெனால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், நீலகிரித் தைலத்தில் சினியோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கிய வேதிப்பொருள் உண்டு. இதையெல்லாம் செடி நமக்காகச் செய்வதில்லை. பூச்சி, பூஞ்சை, கடும் வெயிலைச் சமாளிக்கத் தனக்காகச் செய்துகொள்கிறது. அதனால்தான் சூழல் மாறினால் எண்ணெயும் மாறுகிறது.

ஒரே செடி, வேறு எண்ணெயா?

ஆமாம். பெப்பர்மின்ட் செடிக்கு நீண்ட பகல் வேண்டும். பகல் குறைந்து இரவு வெப்பமானால், மென்தால் சேர்வதற்குப் பதில் புலிகோன், மென்தோஃபியூரான் ஆகியவை கூடுகின்றன. இவை அதிகமானால் கல்லீரலுக்கு நல்லதல்ல.

வறட்சி வேறு மாதிரி விளையாடும். தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் சில செடிகளில் எண்ணெயின் விகிதம் கூடலாம். ஆனால் செடி குட்டையாகி இலையும் குறைந்துவிடும். கடைசியில் விவசாயிக்கு மொத்த எண்ணெய் குறைவாகவே கிடைக்கும்.

காற்று மாசு என்ன செய்யும்?

வாகனப் புகை, சாலைத் தூசி, சிமென்ட் தூசி ஆகியவை இலைத்துளைகளை அடைக்கின்றன. சூரிய ஒளியும் இலைக்கு முழுசாகக் கிடைப்பதில்லை. உணவு தயாரிப்பு குறைந்தால் எண்ணெய் தயாரிக்கவும் கையிருப்பு குறையும். தரைமட்ட ஓசோன் வாயு இலைச் செல்களை நேரடியாகவே சேதப்படுத்துகிறது.

அப்போ எண்ணெயில் ஈயம் கலந்திருக்குமா?

இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத விஷயம் இருக்கிறது. நறுமண எண்ணெயைப் பெரும்பாலும் நீராவியில் வடித்தெடுக்கிறார்கள். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் நீராவியோடு ஆவியாகி வராது, சக்கையிலேயே தங்கிவிடும். பல்கேரியாவின் பிளோவ்டிவ் அருகே, உலோக உருக்காலையால் மாசுபட்ட நிலத்தில் லாவெண்டர் வளர்த்துப் பார்த்தார்கள். விளைச்சல் பாதிக்கப்பட்டாலும் எண்ணெயில் உலோகம் சேரவில்லை. கெட்டுப்போன நிலங்களில் வெட்டிவேர், எலுமிச்சைப்புல் வளர்க்கலாம் என்ற யோசனைக்கும் இதுதான் அடிப்படை.

ஆனால் இலையை அப்படியே மென்றால், பொடியாக்கிச் சாப்பிட்டால், கஷாயம் வைத்தால் கதை வேறு. அங்கே வடிகட்டும் நீராவி இல்லை. பொடியில் உலோகம் முழுதாக உள்ளே போகும். கஷாயத்தில் ஒரு பகுதி இறங்கும். இலையைக் கழுவினால் மேலே ஒட்டிய தூசி போகும். வேர் உறிஞ்சியது போகாது. வாசனையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஈயத்துக்கு வாசனை கிடையாது.

மூலிகைப் பொருளில் ஒரு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய ஆயுஷ் விதிகளின் வரம்பு. சாலையோரம், சாக்கடை ஓரம், குப்பைமேடு, தொழிற்சாலை அருகே மூலிகை பறிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

பூச்சிக்கொல்லியும் அப்படித்தானா?

இல்லை. சில பூச்சிக்கொல்லிகள் எண்ணெயில் கரையும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை நீராவி இல்லாமல் அழுத்திப் பிழியும்போது அவை எண்ணெயோடு சேர்ந்தே வரக்கூடும்.

நாம என்ன செய்யலாம்?

• நெரிசலான சாலையோரச் செடியில் இலை பறிக்காதீர்கள்.
• வீட்டுத் தொட்டிக்கு நல்ல மண், நல்ல தண்ணீர் கொடுங்கள். பழைய பெயின்ட் டப்பாவைத் தொட்டியாக்க வேண்டாம்.
• பொடி வாங்கும்போது உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி பாருங்கள். லேபிள் இல்லாத பாக்கெட்டைத் தவிருங்கள்.
• மாசுபட்ட நிலத்தில் எண்ணெய் எடுத்த சக்கையை மாட்டுக்குத் தீவனமாகவோ உரமாகவோ போடக்கூடாது. உலோகம் முழுக்க அதில்தான் இருக்கும்.

மூலிகை என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அந்தப் பாதுகாப்பு செடியின் பெயரில் இல்லை, அது வளர்ந்த மண்ணில் இருக்கிறது.