விழிப்புணர்வாவது வெங்காயமாவது!

குப்பையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "நம்ம மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரலைங்க." அதிகாரிகள் சொல்கிறார்கள், பட்டிமன்றத்தில் சொல்கிறார்கள், என்.எஸ்.எஸ். கேம்ப்பில் சொல்கிறார்கள். உடனே ஒரு பேரணி, ஒரு கோலப் போட்டி, ஸ்கூல் பசங்களுக்கு ஒரு ஓவியப் போட்டி (பூமி உருண்டை கண்ணீர் விடுகிற படம் கண்டிப்பாக உண்டு). எல்லாம் முடிந்ததும் 2019-லேயே தடை செய்த அதே பிளாஸ்டிக் கப்பில் டீ. கடமை முடிந்தது, கலைந்து போகலாம்.

எனக்கு இந்த விழிப்புணர்வு ஜல்லியில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. குப்பையைப் பிரிப்பது எப்படி, எதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் நம் வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமே கிடையாது. சந்தேகமா? உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள்.

பழைய பேப்பர் தனியாக அடுக்கி இருக்கும். தமிழ் பேப்பர் ஒரு கட்டு, இங்கிலீஷ் பேப்பர் ஒரு கட்டு, ஏனென்றால் இங்கிலீஷ் பேப்பருக்கு கிலோவுக்குக் கொஞ்சம் ரேட் கூட. பால் கவரை நறுக்கி, கழுவி, சிங்க் பக்கத்து டைல்ஸில் ஒட்டிக் காயவைத்து, ஒரு பைக்குள் சேர்த்து வைத்திருப்பார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு. பழைய பட்டுப்புடவை ஒரு பக்கம், எவர்சில்வர் பாத்திரக்காரருக்குப் போடப்போகிற பேன்ட் சட்டை ஒரு பக்கம். உடைந்த பக்கெட், ஓட்டை அலுமினியக் குண்டான் எல்லாம் காயலான் கடைக்கு. நம் ஊரில் ஒரு வண்டி உபயோகத்துக்கு லாயக்கில்லை என்றால் "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்போம். மறுசுழற்சியை வசவாகவே மாற்றி வைத்திருக்கிற மொழி ஐயா நம்முடையது. இவர்களுக்குப் போய் விழிப்புணர்வா?

ஈரக்குப்பைக்கும் ஒரு காலத்தில் வழி இருந்தது. அரிசி கழுவிய தண்ணி, காய்கறித் தோல், மிஞ்சின சோறு எல்லாம் கழனிப் பானைக்குப் போகும். மாடு வைத்திருக்கிறவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். தெருவில் மாடு போனது, பானையும் போனது. அவ்வளவுதான் நடந்தது. மக்கள் திடீரென்று அறிவு கெட்டுப் போகவில்லை.

ஆக, விலை இருக்கிற எதையும் நாம் குப்பையில் போடுவதில்லை. அதைக் குப்பை என்று கூப்பிடுவதும் இல்லை. எடைக்குப் போடும்போது தராசு முள்ளை நாமே உற்றுப் பார்ப்போம், கல்லு சரியான கல்லா என்று நாமே தூக்கிப் பார்ப்போம். 2 ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். அந்த அழுக்கு நம் கையில் ஒட்டாது!

இன்னொரு உதாரணம் டாஸ்மாக். குடிமகன்களை விடப் பொறுப்பற்றவர்கள் என்று நாம் யாரைச் சொல்வோம்? (குடிமக்கள் இல்லை, குடிமகன்கள்.) மலையில் வனவிலங்குகளின் காலை உடைந்த பாட்டில் கிழிக்கிறது என்று ஹைகோர்ட் தலையிட்ட பிறகு, 2022-ல் நீலகிரியில் ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பாட்டில்களில் பெரும்பங்கு கடைக்கே திரும்பி வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். குடித்தவர் கொண்டுவந்து கொடுக்காவிட்டாலும், அவர் வீசினதைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்க யாராவது இருந்தார்கள். இந்த 10 ரூபாய் செய்த வேலையைப் பத்தாயிரம் கோலப் போட்டி செய்திருக்குமா? நிதானத்தில் இருக்கிறவனுக்குப் பேரணி, நிதானம் இல்லாதவனுக்கு டெபாசிட். எது வேலை செய்தது என்று பாருங்கள் :-)

"அதெல்லாம் நம்ம ஆளுங்களுக்குத்தான் சார் காசைக் காட்டணும். வெளிநாட்டுல எவ்ளோ ஒழுக்கம் தெரியுமா?" என்று ஒரு கோஷ்டி வரும். தெரியும். ஜெர்மனியில் 2003-லிருந்து ஒரு தடவை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் டெபாசிட். திருப்பிக் கொடுத்தால்தான் காசு வரும். தென்கொரியாவில் 1995-லிருந்து குப்பை போடுகிற பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதிகம் போட்டால் அதிகம் செலவு. உணவுக்கழிவை நேராக நிலத்தில் கொட்டுவதை 2005-ல் தடை செய்தார்கள். 2013-லிருந்து உணவுக்கழிவின் அளவுக்கு ஏற்பக் காசு. அந்த நாட்டுக்காரர்கள் பிறக்கும்போதே பச்சைத் தொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பிறக்கவில்லை. கணக்கு அப்படிப் போட்டிருக்கிறார்கள், ஒழுக்கம் பின்னாலேயே வந்தது.

சரி, பிரச்சினை எங்கே? விலை இல்லாத குப்பையில். அதில் மூன்று வகை முக்கியம்.

முதலாவது ஈரக்குப்பை. நம் ஊர் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி இதுதான். இது தனியாக இருந்தால் உரம். மற்றதோடு சேர்ந்தால் அதையும் கெடுக்கும். காலையில் கிலோ கணக்கில் விலை போகிற பேப்பர், சாயங்காலம் சாம்பாரில் ஊறிவிட்டால் யாருக்கும் வேண்டாத பொருள். குப்பை மேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகிறது, அதுதான் கோடையில் பற்றி எரிகிறது. பெருங்குடியில் 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்ததே, அது மாதிரி. அந்த மேடு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். அதே 2022-லேயே அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது. ஒரே வருஷத்தில் பட்டமும் தீயும்!

இரண்டாவது சாஷே பாக்கெட். இது நாடு முழுக்கப் பரவியதில் நம் கடலூருக்கும் பங்கு உண்டு, 1983-ல் அங்கே தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு ஞாபகம் இருக்கும். ஏழைக்கும் ஷாம்பு கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் அடுக்கடுக்காக வேறு வேறு பொருளை ஒட்டிச் செய்கிற பாக்கெட்டைத் திரும்பப் பிரிக்க முடியாது, பிரித்தாலும் கட்டுப்படியாகாது. குப்பை பொறுக்குகிறவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சிப்ஸ் பாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போவதற்கு இதுதான் காரணம். அவருக்கும் விழிப்புணர்வு இல்லையா?

மூன்றாவது நாப்கின், டயபர், பிளேடு, காலாவதி மாத்திரை. இதைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். கறுப்புக் கவரில் சுற்றி எல்லாவற்றோடும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டியது.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் இதையெல்லாம் தெளிவாகவே சொன்னது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்து வீட்டுக்காரரே கொடுக்க வேண்டும் என்றது. சில வீடுகளில் கொடுக்கவும் செய்தார்கள். பல ஊர்களில் நடந்தது என்ன? இரண்டு கலர் தொட்டியில் பிரித்துப் போட்டதை வாசலில் நிற்கிற வண்டி ஒன்றாகக் கொட்டிக் கலக்கிக்கொண்டு போனது. ஒரு தடவை இதைப் பார்த்தால் போதும். மறுநாள் எந்த வீட்டிலும் பிரிக்க மாட்டார்கள். பிரிக்கவும் கூடாது என்பேன், வேலை மெனக்கெட்டவர்கள்தான் செய்வார்கள். கண் முன்னால் வீணாகிற உழைப்பைப் போல ஆளை வெறுத்துப் போகச் செய்வது வேறு எதுவும் இல்லை.

வண்டி ஏன் கலக்குகிறது? அங்கேயும் காசுக் கணக்குதான். சென்னையில் 2000-ல் சில மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்தபோது கூலி டன் கணக்கில். எவ்வளவு எடை குப்பை மேட்டுக்குப் போகிறதோ அவ்வளவு பணம். யோசித்துப் பாருங்கள், தண்ணீர் சொட்டுகிற ஈரக்குப்பைதான் நல்ல எடை நிற்கும். நீங்கள் வீட்டிலேயே உரம் போட்டால் அந்தக் கணக்கில் அது கம்பெனிக்கு நஷ்டம். அப்படி ஒரு ஒப்பந்தத்தைப் போட்டுவிட்டு, அதே நகரத்தில் "குப்பையைக் குறைப்போம்" என்று சுவரில் எழுதினால் எப்படி நடக்கும்? பிறகு வந்த ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கை மாற்றப் பார்த்தார்கள். ஆனால் இத்தனை வருஷம் கலந்து கொட்டினதன் பலன் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாக நின்றது. அதைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பதற்குப் பெயர் பயோமைனிங், செலவு நூற்றுக்கணக்கான கோடி. அடுப்படியில் 10 செகண்டில் முடிகிற வேலையைப் பல வருஷம் கழித்துக் கோடிகள் கொட்டிச் செய்கிறோம்.

இதுவரைக்கும் அரசாங்கத்தைத் திட்டியாச்சு, எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் நாம் மட்டும் யோக்கியமா?

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. பழைய பேப்பரை அழகாகக் கட்டி வைக்கிற அதே கை, முட்டை ஓட்டையும் நாப்கினையும் பிரிக்க மட்டும் ஏன் கூசுகிறது? வேலை கஷ்டம் என்பதாலா? பால் கவரைக் கழுவிக் காயவைப்பதை விடவா கஷ்டம்? இல்லை. காசு வருகிற அழுக்கு நம் அழுக்கு, காசு வராத அழுக்கு "அவங்க" வேலை. அந்த "அவங்க" யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், ஆனால் எல்லாருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக இந்த வேலையை எந்தச் சாதிகளின் தலையில் கட்டி வைத்திருக்கிறோம் என்பது ரகசியமா என்ன? எச்சில் இலையை எடுப்பது யார் என்று பந்தியிலேயே தீர்மானம் பண்ணின சமூகம் இது. எச்சில், தீட்டு என்று நாம் தள்ளி வைத்ததைப் பிரிக்க இன்னொருவர் கை விடணும், அதுவும் பல இடங்களில் உறை கூட இல்லாத கை. கறுப்புக் கவருக்குள் கிடக்கிற பிளேடு நம் விரலை வெட்டாது, அதுதான் நமக்கு வசதி.

துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினோம். கொரோனாவில் கை தட்டினோம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் அவர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் "எங்க தெருவில் குப்பை அள்ள வரலை" என்ற புலம்பல்தான் நம்மில் பலருக்கு வந்தது. பெயர் மாற்றத்துக்கும் கைதட்டலுக்கும் செலவில்லை, அதனால் தாராளமாகச் செய்தோம்.

தள்ளிவிட இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. ஆலப்புழா நகரத்துக் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்த சர்வோதயபுரத்து மக்கள் இனி லாரி வரக்கூடாது என்று மறித்தார்கள். நகரம் நாறியது. வேறு வழியில்லாமல் 2012-லிருந்து வீட்டிலேயே பைப் உரம், சாண எரிவாயுக் கலன், தெருமுனையில் உரத் தொட்டி என்று ஊரே இறங்கியது. அந்த நகரத்துக்காரர்களுக்கு ஒரே ராத்திரியில் ஞானம் பிறந்துவிடவில்லை. யார் தலையில் கொட்டிக்கொண்டிருந்தார்களோ அவர்கள் "முடியாது" என்று சொன்னார்கள், அவ்வளவுதான். வடசென்னைக்காரர்களும் கொடுங்கையூர் எரி உலை வேண்டாம் என்று 2025-ல் மனிதச் சங்கிலி நின்று அதைத்தான் சொன்னார்கள். உங்கள் வீட்டுக் குப்பையை எங்கள் மூச்சில் எரிக்காதே என்றார்கள். அதில் என்ன தப்பு?

சரி, குறை மட்டும் சொன்னால் எப்படி? எனக்குத் தோன்றுவது இவை:

1. திருப்பி எடுக்க முடிகிற எல்லாவற்றுக்கும் டெபாசிட். டாஸ்மாக் பாட்டிலுக்கு முடிகிறது என்றால் தண்ணி பாட்டிலுக்கும் கூல்டிரிங்குக்கும் முடியாதா? சோடா பாட்டிலுக்குப் பெட்டிக்கடை அண்ணாச்சியே டெபாசிட் வாங்கின ஊர்தானே இது.

2. சாஷே மாதிரி எதற்கும் உதவாத பாக்கெட்டுக்குச் செய்தவரே பொறுப்பு. சட்டத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது, வசூலில் இருக்க வேண்டும்.

3. ஈரக்குப்பைக்குத் தனி வண்டி, தனி நாள். கலக்கவே வழியில்லாத வண்டி. பிரித்துக் கொடுத்தது பிரிந்தே போகிறது என்பதை வீட்டுக்காரர் கண்ணால் பார்க்கணும்.

4. பிரிக்காத குப்பையை வாங்க மறுக்கிற உரிமை தூய்மைப் பணியாளருக்கு வேண்டும். மறுத்ததற்காக அவர் மேல் புகார் போகக்கூடாது. நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளம், பிரித்த உலர் குப்பையை விற்ற காசில் பங்கு, இதெல்லாம் சேர்த்துத்தான்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். மற்ற மூன்றும் காசு சமாச்சாரம், மெனக்கெட்டால் நடந்துவிடும். "இதை நீங்களே பிரிச்சுக் குடுங்கம்மா, இல்லாட்டி எடுக்க மாட்டேன்" என்று ஒரு தூய்மைப் பணியாளர் வாசலில் நின்று சொல்லும்போது, அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல் உள்ளே போய்ப் பிரித்துக் கொண்டுவரும் வீடுகள் எத்தனை இருக்கின்றன? விழிப்புணர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை முதலில் எண்ணிவிட்டு வரட்டும்.

டிஸ்கி: கோலப் போட்டியில் எனக்கு எந்த விரோதமும் இல்லை. பரிசாகப் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள்.