வைப்பாறு சேரும் கடலில்

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே போகும் வைப்பாறு, தூத்துக்குடி மாவட்டத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவில் விழுகிறது. ஆற்றோடு போகும் நம் மண்ணுக்கும் அந்தக் கடலடிக்கும் உறவு உண்டு. அங்கே வாழும் வெள்ளை அட்டையைப் பற்றிக் கரிசல்காட்டில் யாரும் பேசுவதில்லை.

கடல் அட்டைகளில் நல்ல விலை போகும் இனம் இது. சாம்பல் முதுகில் குறுக்கே கருத்த சுருக்கங்கள், வெளுத்த வயிறு. பெரும்பாலும் பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், பொழுது சாய மேலே வரும். வாயைச் சுற்றியுள்ள குட்டை உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கும். அதில் இருக்கும் அழுகலைச் செரித்துவிட்டு மணலை வெளியே தள்ளும். கரிசலுக்கு மண்புழு எதுவோ, கடற்புல் மேட்டுக்கு அது.

அவித்து, மணலில் புதைத்து வைத்து, தோலில் படிந்த சுண்ணத்தைத் தேய்த்தெடுத்து, மறுபடி அவித்துக் காயவைத்தால் சீனச் சந்தைக்குச் சரக்கு தயார். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில். அளவு மீறிப் பிடித்ததில் அட்டை அருகியது. 2001-ல் மத்திய அரசு எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கும் பட்டியல் அது. முக்குளித்துப் பிழைத்தவர்களின் வருமானம் நின்றது. இலங்கைக்குக் கடத்தல் மட்டும் நிற்கவில்லை; அங்கே அட்டை வியாபாரம் சட்டப்படியே நடக்கிறது.

தடை வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் தடையோடு கைகழுவியது சரியில்லை. ஆண் அட்டையும் பெண் அட்டையும் விந்தையும் முட்டையையும் தனித்தனியே தண்ணீரில்தான் விடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கரு கூடும். சலித்தெடுத்த மேட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று கிடந்தால், யாரும் தொடாமலே விட்டாலும் இனம் பெருகுவது கஷ்டம்.

இதற்கு வழி தூத்துக்குடியிலேயே பிறந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி. ஜேம்ஸ் குழுவினர் 1988-ல் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள். தண்ணீரின் சூட்டைச் சில டிகிரி கூட்டியதும் முட்டையிட்டன. இன்று வியட்நாமும் மடகாஸ்கரும் யாழ்ப்பாணக் கரையும் அட்டைப் பண்ணையில் சம்பாதிக்கின்றன.

இங்கே பண்ணை வைத்தால் கடலில் தானாக வளர்ந்த அட்டையும் அதே மூட்டையில் போய்விடும், காய்ந்தபின் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்கிறார்கள். நியாயமான பயம். அதனால் விற்பனைப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். குஞ்சுகளை முதலில் காலியான மேடுகளில் விடட்டும். எந்த மேட்டில் புல் அடர்த்தி, எங்கே மணல் இளக்கம் என்று முக்குளிப்பவர்களுக்குத் தெரியும். அந்த வேலையை அவர்களிடமே கொடுத்து, அரசு கூலியும் கொடுக்க வேண்டும்.