பில்லில் ஆம்பியரும் லிட்டரும்

மண்ணரையில் ஊத்துக்குளி சாலையோரம் சற்று நேரம் நின்றால் போதும், திருப்பூரின் தொழில் முழுவதும் சக்கரத்தில் ஏறிப் போவதைப் பார்க்கலாம். நிட்டிங்கிலிருந்து துணி ரோல் சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு ஜாப் ஒர்க்குக்கும் ஓரிடம். கடைசியில் பேக்கிங் முடிந்த பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்புகின்றன. ஒரு டி-சர்ட் உருவாவதற்குள் அதே துணி பலமுறை வண்டி ஏறி இறங்கிவிடுகிறது. டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப், ஆம்னி, ஈகோ என்று ஓடும் இந்த வண்டிகளில் ஒன்று நடுவழியில் நின்றாலும் எங்கோ ஒரு ஷிப்மெண்ட் தாமதமாகும். அவற்றை ஓட வைப்பவர்கள் சாலையோரப் பட்டறைக்காரர்கள். இந்த உரை அவர்களுக்கானது.

திருப்பூர் அளவு தெரிந்த ஊர். சாயப்பட்டறை மாஸ்டர் லிட்டருக்கு இத்தனை கிராம் உப்பு, இத்தனை டிகிரி சூடு, இத்தனை நிமிடம் என்று ரெசிபி எழுதாமல் மெஷினில் துணி ஏற்ற மாட்டார். துணியின் கனம், அதாவது ஜி.எஸ்.எம்., குறைந்தால் லாட் திரும்பி வரும். ஆனால் அந்தத் துணியைச் சுமக்கும் வண்டியின் பில்லில் 'ஆயில் சர்வீஸ், வயரிங் வேலை' என்று இரண்டே வரி இருக்கும். எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று எதுவும் இருக்காது. கை பழக்கத்திலேயே வேலை ஓடிய காலம் ஒன்று இருந்தது. இன்றைய வண்டிகளுக்கு அது போதாது.

முதலில் ஃபியூஸ்.

"ஏனுங்ணா, லைட் எரிய மாட்டேங்குதுங்க, லோடு இறக்கப் போகணும், சீக்கிரம் பாத்துக் குடுங்ணா" என்று டிரைவர் அவசரப்படுத்துவார். பெட்டியைத் திறந்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருக்கும். கையில் 20 ஆம்பியர்தான் இருக்கும். அதைச் சொருகினால் லைட் எரியும், வண்டியும் போய்விடும். ஆனால் அந்த நொடியிலிருந்து அந்த வயருக்குக் காவல் கிடையாது. ஃபியூஸ் இருப்பது பல்பையோ ஹாரனையோ காப்பாற்றுவதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பது வயரைத்தான். வயரின் கனத்தைக் கணக்கிட்டுத்தான் கம்பெனிக்காரர்கள் ஃபியூஸ் அளவை முடிவு செய்கிறார்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு முன்னால் 30 ஆம்பியர் ஃபியூஸை வைத்தால் அந்த வயரே ஃபியூஸாகிவிடும். டேஷ்போர்டுக்குள் அது உருகத் தொடங்குவது புகை வரும்வரை யாருக்கும் தெரியாது.

பிளேடு ஃபியூஸின் நிறங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை, 40 ஆரஞ்சு. இது பட்டறைப் பையனுக்கும் மனப்பாடம். அதிகம் பேசப்படாதது அந்த எண்ணின் பொருள். 10 ஆம்பியர் ஃபியூஸில் 11 ஆம்பியர் ஓடினால் அது உடனே போகாது. 100 மணி நேரம் அதைத் தாங்க வேண்டும் என்பதே சர்வதேசத் தரம். 20 ஆம்பியர், அதாவது இரண்டு மடங்கு ஓடினால் 5 விநாடிக்குள் அறுந்துவிட வேண்டும். ஆகவே அடிக்கடி போகிற ஃபியூஸ் 'வீக்காக' இருப்பதில்லை. சர்க்யூட்டில் எங்கோ பளு கூடியிருக்கிறது என்று அது தெரிவிக்கிறது.

அம்பாசடர் காலத்து மூத்த மெக்கானிக்குகளுக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு. அன்றைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால், அது அறுகிற அளவு. அந்த ஃபியூஸ் தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பது வேறு கணக்கு. பழைய வண்டியில் ஃபியூஸ் பெட்டியை மாற்றும்போது 35-க்கு 35 போட்டால் பாதுகாப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

போன ஃபியூஸைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் மெல்ல உருகி அறுந்திருந்தால் பெரும்பாலும் அதிகப் பளு. உள்ளே கருகி, உலோகம் தெறித்திருந்தால் ஷார்ட். ஷார்ட் என்றால் ஃபியூஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டாம். அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தால் போதும். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எது கழன்றதும் பல்பு மங்குகிறதோ அங்கேதான் கோளாறு. ஒரு ஃபியூஸ்கூட வீணாகாது, வயரும் சூடாகாது.

இரவில் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று வரும் வண்டிக்கும் ஃபியூஸ் பெட்டியே வழிகாட்டும். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். வண்டியை அணைத்துப் பூட்டி, கம்ப்யூட்டர் தூங்கும்வரை காத்திருந்து, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தால், எந்த ஃபியூஸில் மில்லிவோல்ட் காட்டுகிறதோ அந்த சர்க்யூட்டில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மொத்த இழுப்பு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலான கார்களுக்குச் சரி. ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தால் தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும்.

வயரிங்கில் பெரிய ஆபத்து வெளியிலிருந்து சேர்க்கும் சாமான்களால்தான் வருகிறது. வழக்கமான ஹெட்லைட் பல்பு 60/55 வாட். ஹைபீமில் ஒரு பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். அதையே 100/90 வாட்டாக மாற்றினால் 8 ஆம்பியரைத் தாண்டும். இரண்டு லைட்டும் சேர்ந்தால் 17 ஆம்பியர் அளவுக்குப் போகும். கம்பெனி வயரும் சுவிட்சும் ஹோல்டரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோல்டர் உருகுவதில்தான் பெரும்பாலும் இது தொடங்கும். 2010-இல் டாடா நானோ கார்கள் சில தீப்பிடித்தபோது, அந்த வண்டிகளில் கூடுதலாகப் பொருத்திய மின்கருவிகளையும் எக்ஸாஸ்ட் மேல் விடப்பட்ட வெளிப்பொருளையும் காரணமாகச் சொன்ன டாடா மோட்டார்ஸ், எக்ஸாஸ்டுக்கும் மின் அமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகச் செய்து தர முன்வந்தது. அன்று நாட்டின் மிக மலிவான காராக இருந்ததற்கு நேர்ந்தது எந்த வண்டிக்கும் நேரலாம். ஏர் ஹாரனோ ஃபாக் லேம்போ கேட்டு வருபவருக்கு பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ், அதன் பிறகு ரிலே என்று வரிசையாகப் போட்டுத் தர வேண்டும். இருக்கிற வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றுவதை வேலை என்று சொல்ல முடியாது.

அடுத்தது திரவங்கள். இதில் பழக்கம் செய்யும் கெடுதல் இன்னும் அதிகம்.

இன்ஜின் ஆயில் குறைவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்பதை நம்புபவர்கள் குறைவு. 'கொஞ்சம் கூட இருந்தா நல்லதுங்க' என்று கேனைக் காலி செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால் கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கும். நுரை உள்ள ஆயிலில் அழுத்தம் நிற்காது. பிரீதர் வழியே ஆயில் ஏர் குழாய்க்குள் போகும். டர்போ டீசலில் அது கட்டுக்கடங்காமல் இன்ஜின் எகிறும் அளவுக்குக்கூடப் போகலாம். ஃபில்டர் மாற்றும்போது ஓர் அளவு, மாற்றாதபோது ஓர் அளவு என்று கையேட்டில் தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். அந்த அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, சமதளத்தில் சில நிமிடம் கழித்து ஆயில் கேஜைப் பார்த்து, பிறகு மீதியைச் சேர்ப்பதே முறை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்த பிறகு இன்னொரு கவனமும் சேர்ந்திருக்கிறது. டீசல் துகள் வடிகட்டி உள்ள வண்டியில், அதைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நின்றுபோகும், எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். ஆயில் குறைவதற்குப் பதில் கூடும். நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் இடையே நாள் முழுவதும் ஓடி நிற்கும் வண்டிகளுக்கு இது சரியாகப் பொருந்தும். கேஜில் மேல்கோட்டைத் தாண்டிய ஆயிலைக் கண்டால் மகிழ வேண்டாம், முகர்ந்து பார்க்க வேண்டும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். தவறான கிரேடு வடிகட்டியை அடைத்துவிடும். வடிகட்டியின் விலை என்ன என்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ரேடியேட்டர் தண்ணீர் விஷயத்தில் திருப்பூருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததும், ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவைத் தேக்கி வைக்கும் இடமானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் இந்த ஊர் அனுபவித்தவை. உள்ளூர்த் தண்ணீர் சாயத்துக்குப் போதாமல் காவிரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் போர் தண்ணியை பக்கெட்டில் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுவது எப்படிச் சரியாகும்? அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். அலுமினிய ஹெட்டையும் வாட்டர் பம்பையும் அரிக்கும். கூலண்ட் குளிர்நாட்டுக்கு மட்டும் என்பது தவறான எண்ணம். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் இங்கேயும் தேவை. கலக்கித் தயாராக வரும் கூலண்டை அப்படியே ஊற்றலாம். அடர் கூலண்டாக இருந்தால் கையேடு சொல்லும் விகிதத்தில், டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் கலக்க வேண்டும். பேட்டரிக்கும் அதே தண்ணீர்தான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 ஆக இறங்கிவிடும். டாட் 4-க்கு இந்த எண்கள் 230-ம் 155-ம். முழு லோடுடன் மலைப்பாதையில் இறங்கும் வண்டியில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. நிறம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திறந்து பல நாள் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றுவதும் பழைய ஆயிலை ஊற்றுவதும் ஒன்றுதான். டாட் 5 சிலிக்கோனால் ஆனது. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பெயர் நெருங்கியிருந்தாலும் டாட் 5.1 வேறு.

ஏ.சி. கேஸுக்கும் இதே கதைதான். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த வாயு, எத்தனை கிராம் என்று இருக்கும். குழாயைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சியை வைத்து நிரப்பினால் பெரும்பாலும் கூடிவிடும், கம்ப்ரஸர் திணறும். எடை போட்டு ஏற்றினால்தான் அளவு சரியாக நிற்கும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை பஞ்சுத் தூசி. நிட்டிங் கம்பெனி வாசலில் நின்று நின்று ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரிலும், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலும் பஞ்சு மெத்தைபோல் படியும். கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து ஃபில்டர் மாற்றுவது இங்கே பொருந்தாது. தூசியிலும், நின்று நின்றும் ஓடும் வண்டிகளுக்குக் கையேடுகளில் கடினப் பயன்பாட்டு அட்டவணை என்று தனியாக உண்டு. அதில் இடைவெளி குறைவு. மண்ணரை வண்டிகளுக்கு அதுதான் அட்டவணை. ரேடியேட்டரை ஊதும்போது இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைத்து ஊத வேண்டும். எதிர்த்திசையில் ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போய் இறுகும்.

வடித்த ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. அதிகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் போய்ச் சேரும் இடம் நொய்யல்தான். அந்த ஆற்றை மீட்க இத்தனை ஆண்டு பாடுபட்ட ஊரில் பட்டறைகள் மறுபடி அதைக் கெடுக்கக் கூடாது.

கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது என்ற குறை நியாயமானது. ஆனால் ஆம்பியரும் லிட்டரும் எண்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன, பெரும்பாலான கம்பெனிகளின் கையேடுகள் செல்பேசியிலேயே கிடைக்கின்றன. ஐ.டி.ஐ.-யின் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் படிப்புக்கு சென்னை கிண்டியில் இயங்கும் தேசியப் பயிற்சி ஊடக நிறுவனம் தமிழிலும் பாடநூல் வெளியிடுகிறது. பட்டறையில் தொழில் பழகும் பையன்களுக்கு அதில் ஒரு பிரதி வாங்கித் தருவது பெரிய செலவில்லை.

பட்டறை உரிமையாளர்கள் இந்த மாதமே ஒரு ஜாப் கார்டு அச்சிட்டுக்கொள்ள வேண்டும். அதில் ஐந்து வரிகள் கட்டாயம்: இன்ஜின் ஆயிலின் கிரேடும் ஊற்றிய லிட்டரும், கூலண்ட் வகையும் அளவும், பிரேக் ஆயில் மாற்றிய தேதி, மாற்றிய ஃபியூஸின் ஆம்பியரும் அது போன காரணமும், புதிதாகச் சேர்த்த மின்கருவியின் ஃபியூஸ் அளவு. ஒரு நகல் வண்டிக்காரரிடம் போகட்டும், ஒன்று பட்டறையில் இருக்கட்டும். அடுத்த முறை அந்த வண்டி எந்தப் பட்டறைக்குப் போனாலும், அங்கே பானட்டைத் திறப்பவருக்கு முன்பு நடந்த வேலை எண்களோடு தெரிய வேண்டும்.