ஒரு பளிங்கும் அதன் பெயர்களும்

இந்தோனேசியக் கடையொன்றில் 'காப்பூர் பாரூஸ்' வேண்டும் என்று கேட்டால், துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையை எடுத்துத் தருவார்கள். அச்சொல்லின் நேர்ப்பொருளோ 'பாரூஸ் கற்பூரம்'. சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் என்னும் சிற்றூரிலிருந்து சீனப் பேரரசரின் அவை வரை சென்ற அரும்பொருளின் பெயர், இன்று நாப்தலின் உருண்டைக்குரியதாகிவிட்டது. பொருள் மறைந்த பின்னும் பெயர் மட்டும் சந்தையில் நிலைப்பது வெறும் மொழியியல் வேடிக்கைதானா? அவ்வாறு கொள்ள நமக்கு மனமில்லை.

அப்பளிங்கு டிரையோபலனாப்ஸ் என்னும் நெடுமரத்தின் வயிரத்தில், வெடிப்புகளினூடே உறைந்து கிடப்பது. சீனர் அதனை 'லொங்நாவ்' என்றனர்; டிராகனின் மூளை என்பது பொருள். 'பிங்பியன்', அதாவது பனிக்கட்டிச் சில்லு, என்பது மற்றொரு பெயர். கி.பி. 659-இல் தாங் அரசு தொகுப்பித்த மருந்து நூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது. துவான் செங்ஷி ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய நூலில் ஒரு கதை உண்டு. பேரரசர் சதுரங்கம் ஆடுகையில் அருகே நின்ற யாங் குய்ஃபெயின் மேலாடை காற்றில் பறந்து ஓர் இசைக்கலைஞனின் தலைப்பாகையில் விழுகிறது. நறுமணம் ஏறிய பாகையை அவன் பேணி வைக்கிறான். அவள் இறந்த பின் அதைப் பெற்ற பேரரசர், லொங்நாவின் மணத்தை உணர்ந்து கண்ணீர் விடுகிறார்.

அரண்மனையில் நினைவாக எஞ்சிய அம்மணத்தின் மறுமுனையில் காடு இருந்தது. எம்மரத்துள் பளிங்கு உள்ளது என்பதை வெட்டிப் பிளந்தாலன்றி உறுதியாக அறிய இயலாது; வெட்டியவற்றுள் பல வெறுமையாகவே இருந்தன. அந்த நிச்சயமின்மையே ஒரு மொழியைப் பிறப்பித்தது. ஜொகூர்க் காடுகளில் பளிங்கு தேடிச் சென்ற பழங்குடியினர் அன்றாடச் சொற்களை விலக்கித் தனிச் சொற்களால் பேசினர். தேடும் பொருளின் பெயரையும் உச்சரிக்கலாகாது. 1894-இல் லேக், கெல்சால் ஆகியோர் இம்மொழியைப் பதிவு செய்தனர். பெயரைச் சொன்னால் பொருள் மறைந்துவிடும் என்று அம்மக்கள் அஞ்சினர். நாமோ பெயரை எதற்கும் சூட்டிப் பொருளை மறைக்கிறோம்.

சீன மருத்துவத்தில் பிங்பியன் தனித்து ஆளும் மருந்தன்று; ஏனையவற்றுக்கு வழி திறக்கும் தூதன். நினைவிழந்தோர்க்கு அளிக்கப்படும் 'ஆன்கோங் நியுஹுவாங்' உருண்டையிலும் அது சேர்கிறது. 2020-இல் சீனா ஒப்புதல் அளித்த பக்கவாத மருந்தொன்றில், எடரவோனுடன் வலஞ்சுழி போர்னியால் இணைந்துள்ளது. 1165 நோயாளிகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், எடரவோனை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் இவ்விணைப்பைப் பெற்றவர்கள் நன்கு தேறினர். ஓர் ஆய்வைக் கொண்டு மரபு முழுவதும் மெய்ப்பட்டதென்று நாம் முழங்கவில்லை. எந்தப் போர்னியால் என்று அங்கே தெளிவாகக் குறிக்கப்பட்டிருப்பதே நம் கவனத்துக்குரியது.

ஏனெனில் போர்னியால் ஒன்றன்று. சீன அரசின் மருந்துத் தரநூல் அதை மூன்று தனிப் பதிவுகளாகத் தருகிறது: கற்பூர மரவகையொன்றின் இலை, கிளைகளிலிருந்து எடுப்பது, ஐநாசியாங் என்னும் செடியிலிருந்து எடுக்கும் இடஞ்சுழி வகை, டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. முதலாவதில் வலஞ்சுழி போர்னியால் 96 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. மூன்றாவதில் போர்னியால் 55 விழுக்காடு இருந்தாலே போதும். மணத்தால் மூன்றும் உறவினர். நோயாளியின் உடலில் மூன்றும் ஒன்றென்று யார் உறுதி கூறுவது?

பழைய மரத்துப் பளிங்கே மெய், மற்றவை போலி என்று வாதிடுவோர் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. டிரையோபலனாப்ஸ் இன்று அருகிவரும் மரம். இலையைக் கிள்ளிப் பெறக்கூடியதற்காக மரத்தை வீழ்த்துவது அறமாகாது. ஆலைப்பொருளுக்கும் உரிய இடம் உண்டு. நாம் கேட்பது ஒன்றே: எது எதுவென்று பெயர் சொல்லட்டும்.

இதில் தமிழுக்கும் பங்குண்டு. பாரூஸை அடுத்த லோபு துவாவில் கிடைத்த, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர் கல்வெட்டு அவ்வூரை 'வரோசு' என்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் கற்பூர வகைகளின் நீண்ட பட்டியலிலும் வாரோசு உண்டு. சீனச்சூடன் வேறாக நிற்கிறது. அத்தனை வகைகளைப் பிரித்தறிந்த மொழியில் இன்று 'பச்சைக் கற்பூரம்' என்ற ஒரு பெயரே எஞ்சியிருக்கிறது. அது எம்மரத்தது, அல்லது எவ்வாலையது என்று கேட்கும் பழக்கமும் நம்மிடமில்லை. உண்ணும் பொருளைப் பற்றிய கேள்வி இது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.