காசுத் தொழிலுக்குக் கணிதமா, வர்த்தகமா?

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று கிளிநொச்சிப் பகுதியிலிருந்து ஒரு தாயார் எழுதியது. தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பிப்பவர். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களுள் எட்டில் 'ஏ' சித்தி பெற்றிருக்கின்றான். கணிதமும் அவற்றுள் ஒன்று. உயர்தரத்திற்கு எப்பாடங்களை எடுப்பது என்பதே இப்போது அவ்வீட்டில் நடக்கும் வழக்கு. இலண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் பார்க்கும் 'குவான்ற்' என்னும் உத்தியோகத்திற்கே தானும் போகப்போவதாகப் பிள்ளை சொல்கின்றான். "காசு சம்பந்தப்பட்ட வேலையென்றால் வர்த்தகந்தானே படிக்க வேண்டும்?" என்கின்றார் தாய்மாமன். "ரியூசனுக்கு ஒருமுறைதான் என்னாற் செலவழிக்க முடியும், பிழைத்தால் மறுமுறை இல்லை. ஐயா ஒரு வழி சொல்லுங்கள்" என்று தாயார் முடித்திருந்தார்.

அக்கடிதத்தை நாம் மூன்று நாள் மேசைமேல் வைத்திருந்தோம். காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். அந்த உத்தியோகம் யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எந்தக் கோயிலென்று தெரியாமல் நேர்த்தி வைப்பார் உண்டோ?

புத்தூரில் வெங்காயம் செய்யும் கமக்காரர் ஒருவரிடம் சுன்னாகத்து வியாபாரி ஒருவர் வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். "மூன்று மாதத்தின் பின் கிலோ 300 ரூபா வீதம் உங்கள் வெங்காயத்தை வாங்கும் உரிமையை எனக்குத் தாருங்கள். சந்தை விலை ஏறினால் வாங்குவேன், இறங்கினால் வாங்கமாட்டேன். உரிமைக்கென்று இப்போதே ஒரு தொகை தருகின்றேன்" என்கின்றார். அத்தொகை கிலோவுக்கு 5 ரூபாவா, 50 ரூபாவா? அதிகம் கேட்டால் வியாபாரி போய்விடுவார். குறையக் கேட்டால் கமக்காரர் ஏமாந்துபோவார். வெங்காயத்தின் இடத்திற் பங்குகளையும் அந்நிய நாணயங்களையும் வட்டி வீதங்களையும் எண்ணெயையும் வைத்து இத்தகைய உரிமைகள் உலகச் சந்தைகளில் நாள்தோறும் விலைப்படுகின்றன. அவற்றின் விலையையும், விலை தவறினால் வரக்கூடிய நட்டத்தின் அளவையும் கணித்து, அக்கணிப்பைக் கணனிக்குச் சொல்லிக் கொடுப்பவரே அந்தக் 'குவான்ற்'. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் முதலீட்டு நிதியங்களும் இவரைச் சம்பளத்திற்கு வைத்துக்கொள்கின்றன. காசை எண்ணும் வேலை என்று மாமனார் நினைப்பது தவறு. நிச்சயமின்மையை அளக்கும் வேலை அது.

இவ்வேலைக்கு அத்திவாரம் இட்டவர் லூயி பசெலியே என்னும் பிரெஞ்சுக்காரர். பாரிஸ் பங்குச் சந்தையின் விலைகள் எழுமாறாக அசைவனவெனக் கொண்டு, அவ்வசைவை நிகழ்தகவுக் கணிதத்தால் விளக்கி, 1900ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆய்வேட்டை எழுதினார். அதனை மதிப்பிட்டவருள் ஒருவர் பேர்பெற்ற கணித மேதை ஹென்றி புவான்காரே. நீரில் மிதக்கும் நுண்டுகள்களின் அசைவைப் பற்றி ஐன்ஸ்ரைன் எழுதியது 1905இல்; ஏறத்தாழ அதே கணிதத்தைப் பசெலியே ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே விலைகளுக்கு எழுதிவிட்டார். ஆயினும் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி 1927இல், ஐம்பத்தேழு வயதிலேதான் கிடைத்தது. உலகம் அவ்வாய்வேட்டைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை.

அவர் கண்டவற்றுள் ஒன்றைப் பிள்ளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு நாணயத்தைச் சுண்டுக. தலை விழுந்தால் ஓரடி முன்னே வைக்க. பூ விழுந்தால் ஓரடி பின்னே வைக்க. 4 முறை சுண்டியபின் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நிற்கின்றோம் என்று குறித்துக்கொள்க. இதனைப் பலமுறை செய்து, தூரங்களின் வர்க்கங்களைச் சராசரியாக்கி வர்க்கமூலம் கண்டால், விடை 2 அடிக்கு அண்மையில் நிற்கும். 16 முறை சுண்டினால் 4 அடி. 64 முறை சுண்டினால் 8 அடி. நான்கு மடங்கு சுண்டினால் தூரம் இரண்டு மடங்கே ஆகின்றது. விலைகளும் இவ்வாறே அலையுமாயின், நான்கு நாளில் அவை விலகும் அளவு ஒரு நாளில் விலகும் அளவின் இரண்டு மடங்கே. ஏன் இப்படி என்ற கேள்வி எழுந்து, அதற்கு விடை காணும்வரை நித்திரை வராத பிள்ளையா அவன்? பரீட்சைப் பெறுபேற்றுத் தாளைக் காட்டிலும் எமக்கு இச்சோதனையில் நம்பிக்கை அதிகம்.

வெங்காய வியாபாரியின் கேள்விக்குச் சரியான விடை 1973ஆம் ஆண்டிற் கிடைத்தது. பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்னும் இருவர் எழுதிய கட்டுரை அது; றொபேட் மேட்டனும் அதே துறையில் அவ்வாண்டிலேயே எழுதினார். இம்மூவரும் என்ன படித்தவர்கள் என்று மாமனார் கேட்க வேண்டும். பிளாக் பௌதிகம் படித்துப் பின்னர்ப் பிரயோக கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மேட்டன் பொறியியற் கணிதத்திலிருந்து பொருளியலுக்கு வந்தவர். ஷோல்ஸ் ஒருவரே தொடக்கம் முதற் பொருளியற்காரர். அவர்கள் கண்ட சமன்பாட்டின் மாறிகளை மாற்றி எழுதினால், அஃது இரும்புக் கம்பி ஒன்றில் வெப்பம் பரவும் வகையைக் கூறும் சமன்பாடாகவே ஆகிவிடுகின்றது. உயர்தரப் பௌதிக வகுப்பிற் கம்பியைச் சூடாக்கும் பிள்ளைக்கு, தான் ஒரு சந்தையின் வாசலில் நிற்பதை எவரும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் ஜிம் சைமன்ஸ் கேத்திரகணித ஆராய்ச்சியாளர். பல்கலைக்கழகக் கணிதத்துறை ஒன்றின் தலைவராயிருந்தவர். 1982இல் அவர் தொடங்கிய முதலீட்டு நிறுவனம் கணிதரையும் பௌதிகரையும் பேச்சைக் கணனிக்கு விளங்கச் செய்யும் ஆராய்ச்சியாளரையுமே தேடித் தேடிச் சேர்த்தது. 2024ஆம் ஆண்டு அவர் காலமானபோது உலகின் பெருஞ் செல்வர்களுள் ஒருவராயிருந்தார். செல்வத்தை நாம் இங்கு எடுத்துக் கூறுவது பிள்ளைக்கு ஆசை காட்டுவதற்கன்று. நிதியியலைப் பின்னர்ப் படித்துக்கொள்ளலாம், கணிதத்தைப் பின்னர்ப் படிப்பது அரிது என்பதை அவர் ஆட்சேர்த்த முறையே காட்டுகின்றது. நம்மவருள், சென்னையிற் பிறந்த வரதன் மிக அரிதாக நிகழ்வனவற்றின் நிகழ்தகவைக் கணிக்கும் கோட்பாட்டுக்காக 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். காப்புறுதி நிறுவனம் ஒன்று முறிந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்பது போன்ற வினாக்களுக்கு அக்கணிதமே வேண்டும்.

கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தமைக்குக் காரணம் இனித்தான் வருகின்றது.

2012ஆம் ஆண்டில் எம் வகுப்பிற் கணிதத்தில் முதலாவதாக வந்த மாணவி ஒருத்தி இருந்தாள். தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். இணைந்த கணித வகுப்புக்கும் பௌதிக வகுப்புக்கும் பட்டணம் போய்வர வேண்டும்; கடைசிப் பேருந்து வீடு சேர இரவு எட்டு மணியாகும். தகப்பனார் எம்மிடம் யோசனை கேட்டார். "வர்த்தகம் படித்தால் வங்கியில் ஓர் உத்தியோகம் எடுக்கலாம்; பெண்பிள்ளைக்கு அது போதும்" என்று நாமே சொன்னோம். அவள் மறுத்துப் பேசவில்லை. வர்த்தகம் படித்தாள், முகாமைத்துவத்தில் முதலாம் வகுப்பிற் சித்தியெய்தினாள், நாம் சொன்னபடியே வங்கி உத்தியோகமும் பெற்றாள். வங்கியில் நட்ட அபாயத்தைக் கணிக்கும் பிரிவொன்று உண்டு. அங்கே போக விரும்பினாள். கணிதப் பட்டதாரிகளையே எடுப்போம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நிதிக் கணித முதுமாணிப் படிப்பிற்கு எழுதினாள். தாயங்களும் வகையீட்டுச் சமன்பாடுகளும் நிகழ்தகவுக் கோட்பாடும் படித்த சான்று இல்லை என்று மறுமொழி வந்தது.

நாம் யோசனை சொல்லி ஒன்பது ஆண்டுகளின் பின் ஒரு விடுமுறை நாளில் அவள் எம் வீட்டுக்கு வந்தாள். "சேர், இணைந்த கணிதத்தை முதலாம் அத்தியாயத்திலிருந்து எனக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டாள். எம்மைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எமக்குச் சற்று இலேசாயிருந்திருக்கும். வங்கி வேலை முடிந்த இரவுகளில் இரண்டு ஆண்டுகள் படித்து, இப்போது வேலையோடு மீண்டும் ஒரு கணிதப் பட்டத்திற்குப் பதிந்து படிக்கின்றாள். பதினாறு வயதில் இரண்டு ஆண்டில் முடித்திருக்க வேண்டியதை முப்பதை அண்மித்த வயதிற் செய்கின்றாள்.

ஆகவே கிளிநொச்சித் தாயாருக்கு எம் மறுமொழி இது. பிள்ளைக்கு அந்த நாணயச் சோதனை பிடித்திருந்தால், இணைந்த கணிதமும் பௌதிகமும் எடுக்கட்டும். மூன்றாவது பாடம் இரசாயனவியலாயின் பொறியியற் பீடத்தின் வாசலும் திறந்திருக்கும். அதற்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுத்தால் கணனிப் பழக்கம் வரும், ஆனாற் பொறியியல் வாசல் மூடிவிடும். ஒருமுறைதான் செலவழிக்க முடியும் என்கின்ற வீட்டிற்கு நாம் இரசாயனவியலையே சொல்வோம். கணனி மொழியைப் பின்னர்த் தானே கற்றுக்கொள்ளலாம், பைதன் என்னும் மொழி இலவசமாகவே கிடைக்கின்றது. கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திற் கைத்தொழிற் புள்ளிவிபரவியலும் கணித நிதியியலும் சேர்ந்த கற்கைநெறி ஒன்று உண்டு. றுகுணுப் பல்கலைக்கழகத்திலும் அதனையொத்த ஒன்று உண்டு. இரண்டுக்கும் உயர்தரக் கணிதம் வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பாடங்களைத் தீர்மானிக்குமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் புரட்டிப் பார்த்துவிடுக. அயலவர் சொல்லைக் கேட்டு ஏமாந்தவர் பலர். அவ்வயலவர் சிலவேளை ஆசிரியராகவும் இருப்பார்.

வர்த்தகத்தை நாம் தாழ்த்தவில்லை. கணக்காளராகவோ வங்கி முகாமையாளராகவோ வரவிரும்பும் பிள்ளைக்கு அதுவே நேர்வழி. சோதனை பிடிக்காத பிள்ளையை, இலண்டன் அண்ணனின் சம்பளத்தைக் காட்டிக் கணிதப் பிரிவுக்குத் துரத்துவதும் பாவம். இணைந்த கணிதத்தில் மூன்று மாதம் தடுமாறுபவர் பலர் மீள்கின்றனர். ஓராண்டு வெறுத்தவர் மீள்வது அரிது.

மாமனார் முற்றிலும் பிழையென்றும் சொல்லமாட்டோம். முற்கூறிய மேட்டனுக்கும் ஷோல்சுக்கும் 1997இற் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அவர்கள் பங்காளிகளாயிருந்த முதலீட்டு நிதியம், மறு ஆண்டிலேயே, இரஷியா கடனை நிறுத்தியபோது, சில மாதங்களில் 400 கோடி டொலருக்கு மேல் இழந்தது. பதினான்கு நிதி நிறுவனங்கள் கூடி அதனைத் தாங்கவேண்டியதாயிற்று. எங்கள் நாட்டிலேயே 2021 செப்ரெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் 200 ரூபா அளவிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அம்மாதங்களின் விலைகளை மட்டும் கணனிக்குக் கொடுத்திருந்தால், ரூபா அசையாத நாணயம் என்றே அது சொல்லியிருக்கும். மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. திறைசேரியில் டொலர் இல்லை என்பதை நாளிதழ் படித்தவர் அறிந்திருந்தனர். எண் வரிசையில் அஃது எழுதப்பட்டிருக்கவில்லை. ஆதலால் மாமனார் தம் பொருளியற் புத்தகத்தைப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கட்டும். பரீட்சைக்காகவன்றி, ஞாயிற்றுக்கிழமைகளிற் படிக்க.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழிற் கணிதம் படிப்பதாற் பிள்ளை பின்தங்கிவிடுவான் என்ற பயம் வேண்டாம். விளங்கிய மொழியிற் படித்ததே நிலைக்கும். ஓர் அப்பியாசக் கொப்பியை இரண்டாகக் கோடிட்டு, இடப்புறம் வகையீடு, தொகையீடு, தாயம், எழுமாற்று மாறி என்று வரும் சொற்களையும், வலப்புறம் அவற்றின் ஆங்கிலச் சொற்களையும் நாளொன்றுக்கு மூன்று வீதம் எழுதிவரட்டும். இரண்டு ஆண்டில் இரண்டாயிரம் சொற்களுக்கு மேற் சேர்ந்துவிடும். அவ்வளவு சொற்கள் அப்பாடங்களில் இல்லை.

அந்த உத்தியோகம் கிடைக்குமா என்று தாயார் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இலங்கையில் அத்தகைய இடங்கள் சிலவே. வெளிநாட்டிற் போட்டி கடுமை. கிடைக்காவிட்டாலும் அதே பாடங்களோடு அவன் பொறியியலாளனாகவோ புள்ளிவிபரவியலாளனாகவோ காப்புறுதிக் கணிப்பாளனாகவோ, இவை ஒன்றும் வாய்க்காவிட்டால் எம்மைப்போல ஓர் ஆசிரியனாகவோ வரலாம். ஒருமுறைதான் செலவழிக்க முடிந்த வீட்டிற்கு இஃது ஒன்றே எம்மால் தரக்கூடிய உறுதி.

64 முறை சுண்டிய கணக்கை மகன் ஒரு தாளில் எழுதி, இப்பத்திரிகையின் முகவரிக்கு எம் பெயரிட்டு அனுப்பட்டும். விடை எட்டுக்கு அருகில் வராவிட்டாற் பாதகமில்லை. எத்தனை தரம் செய்து பார்த்தான் என்பதை மட்டும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.