மேக்ரோவா, டெம்ப்ளேட்டா?



வைவாவில் "மேக்ரோவுக்கும் ஃபங்ஷனுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று கேட்டால், "மேக்ரோ வேகமா ஓடும் சார்" என்று எல்லோரும் ஒப்பிப்போம். மனப்பாடம் செய்த அந்தப் பதிலை நம்பித்தான் என் மினி புராஜெக்டில் நான் மூக்குடைபட்டேன்.

நம்ம பெருந்துறை மஞ்சள் ஏலத்தை மனசில் வைத்து, டர்போ சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு புரோகிராம். ஃபைலில் உள்ள விலைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அதிக விலை எது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 'மேக்ஸ்' என்று ஒரு மேக்ரோ எழுதினேன்: முதலாவது பெரிசா இருந்தா முதலாவதைக் கொடு, இல்லாவிட்டால் இரண்டாவதைக் கொடு. அடைப்புக்குறியெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன்.

கொடுத்த விலைகள் 12500, 11800, 12100, 11600. திரையில் வந்த விடை 11600! நாலிலும் குறைந்த விலை. எரர் இல்லை, வார்னிங்கும் இல்லை. நிஜ ஏலமாக இருந்திருந்தால் குவிண்டாலுக்கு 900 ரூபாய் நஷ்டம் விவசாயி தலையில்தான்.

என்ன நடந்தது? மேக்ரோ என்பது கம்பைல் ஆவதற்கு முன்னாலேயே எழுத்தை எடுத்து ஒட்டும் வேலை. முதலாவது இடத்தில் 'விலையைப் படி' என்ற ஃபங்ஷனை எழுதியிருந்தேன். மேக்ரோ அதை ரெண்டு இடத்தில் ஒட்டிவிட்டது. ஒப்பிட ஒரு தரம் படிக்கிறது. பெரிசு என்று தெரிந்ததும் எடுத்துக் கொடுக்க மறுபடியும் படிக்கிறது. அதற்குள் அடுத்த விலை வந்துவிடுகிறது. 12500-ஐ ஒப்பிட்டு 11800-ஐ வைத்துக்கொண்டது. 12100-ஐ ஒப்பிட்டு 11600-ஐ வைத்துக்கொண்டது.

அதையே டெம்ப்ளேட் ஃபங்ஷனாக மாற்றினேன். 12500 வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரே பேட்டர்னை எஸ், எம், எல் என்று அளவுக்கேற்ப வெட்டுவது போல, இன்ட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் கம்பைலரே தனித்தனியாகச் செய்து கொடுக்கிறது. ஃபங்ஷன் என்பதால் உள்ளே போகும் மதிப்பை ஒரே தரம்தான் கணக்கிடும். டைப் பொருந்தாவிட்டால் அங்கேயே பிடித்துவிடும். வேகமும் குறையாது, சின்ன ஃபங்ஷனைக் கம்பைலர் அந்த இடத்திலேயே விரித்துக்கொள்ளும்.

"அப்போ மேக்ரோவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. ஹெட்டர் ஃபைல் ரெண்டு தரம் சேராமல் தடுக்க, மெஷினுக்கு ஏற்ப வரிகளைச் சேர்க்க, நீக்க, எரர் வந்த ஃபைலையும் வரி எண்ணையும் காட்ட மேக்ரோதான் கைகொடுக்கும். சி மொழியில் டெம்ப்ளேட்டும் கிடையாது. லினக்ஸ் கெர்னலில் 'மின்', 'மேக்ஸ்' இரண்டும் மேக்ரோதான். அங்கே ஒரே தரம் கணக்கிடவும், டைப்பைச் சரிபார்க்கவும் பல வித்தைகளை உள்ளே சேர்த்தார்கள். விளைவு? 2024-ல் ஒரே ஒரு வரி விரிந்து 47 மெகாபைட் ஆவது தெரியவந்து, அதைச் சரிசெய்ய உட்கார வேண்டியதாயிற்று. கெட்டிக்காரர்களுக்கே அந்தப் பாடு!

டெம்ப்ளேட்டிலும் குறை உண்டு. ஒரு சின்னத் தப்புக்குப் பக்கம் பக்கமாய் எரர் கொட்டும். ஆனால் கத்திச் சொல்கிற தப்பு நல்லது. வாயே திறக்காத தப்புதான் ஆளைக் கவிழ்க்கும்.

என் கட்சி இதுதான்: மதிப்பைக் கணக்கிடும் வேலை என்றால் டெம்ப்ளேட், கம்பைலருக்குக் கட்டளையிடும் வேலை என்றால் மேக்ரோ. நான் சொல்வதற்காக நம்ப வேண்டாம். அடுத்த லேப்பில் அந்த நாலு விலையையும் போட்டு ரெண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் வைவாவில் ஒப்பிக்கத் தோணாது. சொந்தமாகவே பதில் வரும்.

– இறுதியாண்டு மாணவன், கணினித் துறை