பாபநாசத்துத் துணியும் கடைக்காரர் தர்மமும்

அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு வட்டாரத்து வியாபாரத் தோழர்களே! கோயில் கொடைக்கு வருஷந்தோறும் தாராளமாய் எழுதுகிறீர்கள். அதனால் எந்தப் பிள்ளை எழுத்துக் கற்றது என்று கேட்கிறோம்.

விருதுநகர் நாடார் கடைக்காரர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தார்கள்; வீட்டுக்கு வீடு பிடியரிசியும் வாங்கினார்கள். கோயிலுக்கும் அதில் பங்கு போனது உண்மைதான். ஆனாலும் நின்று பலன் தந்தது 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் வைத்த க்ஷத்திரிய வித்தியாசாலை. அங்கே படித்த காமராசர் முதன் மந்திரியாயிருக்கையில்தான், 1958-இல், மணிமுத்தாறு அணை கட்டி முடிந்தது. எந்தச் சாமி வந்து கல் சுமந்தது? அன்றைய மகமை ஒரு சாதியின் பணம்; இன்று நமக்கு அந்த வேலியும் வேண்டியதில்லை.

இப்பொழுது பாபநாசத்துக்கு வருவோம். பாவம் தொலையுமென்று உடுத்த துணியைத் தாமிரபரணியில் விட்டு முழுகுகிறார்கள். பாவம் போனதைக் கண்டவரில்லை. துணி போகாமல் கிடப்பதை எல்லோரும் காண்கிறோம். அந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. அதை வாரிப் போடுகிறவர் புரோகிதரா? இல்லை, கூலியாட்களும் தொண்டர்களுமே. முழுகி எழுந்தவனுக்குப் புது வேட்டியும் சோப்பும் எண்ணெயும் விற்று இலாபம் கண்டவரோ கடைக்காரர்.

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, 5 கோடி ரூபாய் நிகர இலாபம் காணும் கம்பெனி, முந்தின மூன்று வருஷச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவிகிதம் பொதுக்காரியத்துக்குச் செலவிட வேண்டும். பெட்டிக்கடைக்கு அச்சட்டமில்லை, மகமை உண்டே! மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் 2011 முதல் நம் குளத்துப் பறவைகளை எண்ணி வருகிறார்கள். ஆற்றைப் பற்றி அவர்களைக் கேளுங்கள். ரூபாய்க்கு ஒரு பைசா எடுத்து, துணி வாருகிறவர்களுக்குக் கூலியும் கையுறையும் கொடுங்கள். அதற்கு முன், பரிகாரத்துக்கென்று துணி விற்பதை இந்த ஆடி அமாவாசைக்கே நிறுத்துங்கள்.